எண்டர் தட்டுவதற்கு முன்னால்

1980களில் ஜெயங்கொண்டத்திலோ உடையார்பாளையத்திலோ பிறந்த ஒருவரின் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்றிருக்கும். 1995-இல் திருச்சி மூன்றாகப் பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது. அந்தக் காலத்துச் சான்றிதழ்களில் பெரம்பலூர். 2001 ஜனவரி 1 அன்று இந்த ஊர்களை உள்ளடக்கிய அரியலூர் தனியே பிரிந்தது. அடுத்த ஆண்டே மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மீண்டும் தனி மாவட்டமானது. வீடும் தெருவும் இருந்த இடத்தில்தான் இருந்தன. காகிதத்தில் மட்டும் மூன்று மாவட்டங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, பாஸ்போர்ட் எடுக்கும்போது, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கும்போது இவற்றில் எது தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டு வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அந்த ஒரே ஃபோல்டர் காணாமல் போக இரண்டு ஆங்கில எழுத்துகள் போதும். ஆர், எம்.

லினக்ஸ் கணினியில் கருப்புத் திரையைத் திறந்து இந்த ‘ஆர்எம்’ கட்டளையை அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்து எண்டர் தட்டினால் கோப்பு போய்விடும். ‘நிச்சயமா?’ என்று பொதுவாகக் கேட்காது. குப்பைத்தொட்டிக்கும் போகாது. ‘அழித்துவிட்டேன்’ என்ற பதில்கூட வராது. அடுத்த கட்டளைக்காகக் கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். விண்டோஸின் கட்டளைத் திரையிலும் இதே நிலைமைதான். அங்கே ‘டெல்’ என்று அடித்து அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னில் கிடைக்காது. மவுஸால் அழித்தே பழகியவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

இது கணினித் துறையில் இருக்கும் சிலரின் கவலை மட்டும் அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, பெட்டிக்குள் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தபோது, அரசுத் துறைகளும் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு சொன்னது. 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டு லினக்ஸும் இடம்பெற்றது. வேப்பூர், செந்துறை, ஆண்டிமடம் போன்ற ஊர்களின் வீடுகளில் முதல் கணினியாக நுழைந்தது அந்த இலவச லேப்டாப்தான் என்றால், கருப்புத் திரையும் அதன் கூடவே நுழைந்துவிட்டது. பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. திறந்து பார்த்த பிள்ளைகளில் சிலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் சர்வர்களை நிர்வகிக்கிறார்கள். அவர்கள் தட்டும் ஒரு எண்டருக்கு அடியில் ஒரு முழு நிறுவனத்தின் கணக்கும் இருக்கலாம்.

கருப்புத் திரைக்கு ஏன் குப்பைத்தொட்டி இல்லை? அதன் வயதுதான் காரணம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. ‘ஆர்எம்’ அதிலேயே இருக்கிறது. அவர்கள் அப்போது பயன்படுத்திய கணினியின் வன்தட்டு அரை மெகாபைட் கொண்டது. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. அழித்ததை எடுத்து வைக்க அங்கே ஏது இடம்? திரையில் குப்பைத்தொட்டிப் படம் ஆப்பிளின் லீசா கணினியில் 1983-இல்தான் வந்தது. விண்டோஸில் ரீசைக்கிள் பின் 1995-இல். லினக்ஸ் யூனிக்ஸின் வழியில் வந்ததால் அந்தப் பழைய கட்டளையின் குணமும் அப்படியே வந்துவிட்டது.

அழித்தால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் இருக்க வேண்டியதுதான். கோப்பு என்று நாம் சொல்வதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, தட்டில் கிடக்கும் தரவு. இன்னொன்று, அது எந்தப் பெயரில், எந்த இடத்தில் கிடக்கிறது என்று சொல்லும் பதிவு. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புல எண்ணுக்கு நேரே இருக்கும் பட்டாதாரர் பெயரை அடித்துவிட்டால் நிலம் மறைந்துவிடுமா? விதைத்த மக்காச்சோளம் அப்படியே நிற்கும். ஆனால் கணக்கைப் பொறுத்தவரை அது இப்போது யாருக்கும் உரியதல்ல, அடுத்துக் கேட்பவருக்கு ஒதுக்கிவிடலாம். புதிதாக வந்தவர் உழுது வேறு பயிர் வைக்கும்வரை பழைய பயிர் அங்கேயே இருக்கும்.

‘ஆர்எம்’ செய்வது பதிவேட்டில் பெயரை அடிக்கும் வேலையை மட்டுமே. இழந்த கோப்பை மீட்க முடிவதற்கும், அழித்துவிட்டோம் என்று நம்பிய கோப்பு அந்நியர் கையில் சிக்குவதற்கும் இதுவே காரணம்.

உலகமே அறிந்த ஒரு சம்பவம் உண்டு. 1998-இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர், எங்கோ ஒரு கணினியில், அழிப்புக் கட்டளையைத் தவறான இடத்தில் ஓட்டிவிட்டார். தொழில்நுட்பக் குழுவில் இருந்த ஓரன் ஜேக்கப் அப்போது வுடி என்ற கதாபாத்திரத்தின் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணெதிரே கோப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சர்வர் அறைக்குப் போன் போட்டு ஒயரைப் பிடுங்கச் சொன்னார். அதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. பேக்கப் எடுத்து வைத்திருக்கிறோமே என்று திரும்பிப் பார்த்தால், அந்த பேக்கப் சில வாரங்களாகவே சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. படத்தைக் காப்பாற்றியவர் கேலின் சூஸ்மன் என்ற பெண் அதிகாரி. அண்மையில் குழந்தை பெற்றிருந்த அவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு பிரதியை எடுத்துப்போயிருந்தார். வீட்டில் இருந்த அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

பலரும் இந்தக் கதையை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்கிறார்கள். பேக்கப் எடுக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய நிறுவனம், அதைத் திறந்து சோதித்துப் பார்க்கவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டிய விஷயம். திறந்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்திலும் இதே கதை நடந்தது. நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையதளம் அது. இரவு நேரத்தில் ஒரு பொறியாளர், பழுதான துணை சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, முதன்மை சர்வரில் அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் தவறு புரிந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபி தரவில் நாலரை ஜிபி மட்டும் மிஞ்சியிருந்தது. ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் நேரத்துக்கு எதுவும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகலை வைத்துத்தான் மீண்டார்கள். அந்த நிறுவனம் நடந்ததை மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது, பிறகு விரிவான அறிக்கையும் வெளியிட்டது. இன்று சர்வர் வேலைக்குப் போகும் ஒவ்வொரு இளைஞரும் படிக்க வேண்டிய அறிக்கை அது.

அதே தவறு ஒரு மாணவரின் மேசையிலும் நடக்கலாம். ஒரு ஜன்னலில் சொந்த லேப்டாப், பக்கத்து ஜன்னலில் வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர். இரண்டும் கருப்பு, இரண்டிலும் ஒரே மாதிரி எழுத்து. சர்வரின் ஜன்னலுக்கு வேறு நிறம் கொடுத்து வைப்பது பெரிய வேலை இல்லை. கட்டளை வரியின் தொடக்கத்தில் கணினியின் பெயர் எழுதியிருக்கும். அழிப்பதற்கு முன் அதை ஒருமுறை வாயால் படித்துவிடுவது இன்னும் நல்லது.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. 2021 டிசம்பர் மத்தியில் அங்குள்ள சூப்பர் கம்ப்யூட்டரின் சேமிப்பகத்திலிருந்து சுமார் 3.4 கோடி கோப்புகள், 77 டெராபைட் அளவுக்கு, அழிந்துபோயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் நான்கு குழுக்களின் தரவை பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. இத்தனைக்கும் அழிப்புக் கட்டளையை யாரும் தவறாக அடிக்கவில்லை. பத்து நாளைக்கு மேற்பட்ட பழைய பதிவுக் கோப்புகளைத் துடைக்க எழுதிய ஒரு ஸ்கிரிப்டை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்திய பதிப்பைப் போட்டு மாற்றிவிட்டார்கள். லினக்ஸில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ‘பாஷ்’ என்ற மென்பொருள், ஸ்கிரிப்டை மொத்தமாகப் படித்து வைத்துக்கொள்ளாது. ஓட ஓடத்தான் படிக்கும். பாதியில் மாறிய ஸ்கிரிப்டில், எந்த ஃபோல்டரை அழிப்பது என்று சொல்ல வேண்டிய மாறி வெறுமையாக இருந்தது. பதிவுக் கோப்புகளோடு ஆராய்ச்சித் தரவும் போய்விட்டது. இயந்திரங்களை வழங்கிய நிறுவனமே பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டது.

வெறுமையான மாறி என்பது பழைய எதிரி. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பிலும் இதே பிழை வெளிப்பட்டது. ஒரு ஃபோல்டரின் பெயர் வந்திருக்க வேண்டிய இடம் காலியானதால் ‘அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லாம்’ என்ற கட்டளை ‘கணினியில் இருக்கும் எல்லாம்’ என்று ஆகிவிட்டது. கணினியின் ஆணிவேரான முதல் ஃபோல்டரையே அழிக்கச் சொன்னால் மறுக்கும் பாதுகாப்பு லினக்ஸின் ‘ஆர்எம்’மில் 2006 முதல் இருக்கிறது. ஆனால் ஆணிவேருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி சேர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. நட்சத்திரத்தை ‘ஆர்எம்’ பார்ப்பதே இல்லை. அதற்கு முன்பே பாஷ் அதை விரித்து, அங்கே இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரின் பெயராக மாற்றிக் கையில் கொடுத்துவிடுகிறது. ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் முதல் வரியிலேயே ‘செட் மைனஸ் யூ’ என்று எழுதிவிட்டால், மதிப்புக் கொடுக்கப்படாத மாறியைக் கண்டதும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

நட்சத்திரக் குறியின் ஆபத்து தனியாகச் சொல்ல வேண்டியது. ‘நட்சத்திரம், புள்ளி, ஜேபிஜி’ என்று சேர்த்து அடித்தால் ஜேபிஜி படங்கள் மட்டும் அழியும். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்தால், அந்த ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்புகளும் போகும். கடைசியில் ‘.ஜேபிஜி என்ற கோப்பு இல்லை’ என்று ஒரு செய்தி மட்டும் வரும்.

இடைவெளிதான் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கும் வரும் சிக்கல். ‘கல்யாணம் போட்டோ’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. மேற்கோள் குறி போடாமல் அதை அழிக்கச் சொன்னால், ‘கல்யாணம்’ என்று ஒன்று, ‘போட்டோ’ என்று ஒன்று, இரண்டையும் அழிக்கச் சொன்னதாக கணினி எடுத்துக்கொள்ளும். ‘கல்யாணம்’ என்று வேறொரு ஃபோல்டர் நிஜமாகவே அங்கே இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கலைப் பலர் அறிந்திருப்பதில்லை. ‘போ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வழிகளில் எழுதலாம். ‘ப’வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு வழி. இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். லினக்ஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள். அதனால் ஒரே ஃபோல்டரில் ‘போட்டோ’ என்ற பெயரில் இரண்டு இருக்க முடியும். ஒன்றை அழிக்கச் சொன்னால் இன்னொன்று அழியலாம், அல்லது ‘அப்படி ஒன்று இல்லை’ என்று பதில் வரலாம். பழைய கீபோர்டு மென்பொருளில் அடித்த பெயர்களில் இது அதிகம் வரும். இந்த இடத்தில் பெயரை முழுதாக அடிக்காதீர்கள். ‘ப’ என்று மட்டும் அடித்து டேப் விசையைத் தட்டினால், அதில் தொடங்கும் வேறு பெயர் இல்லாதபோது சரியான பெயரைக் கணினியே நிரப்பிக்கொள்ளும். இடைவெளியையும் அதுவே கவனித்துக்கொள்ளும். டேப் விசையைப் பழகிக்கொண்டவர் பாதித் தவறுகளைச் செய்யவே மாட்டார்.

மீதித் தவறுகளைத் தடுக்க அனுபவசாலிகள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அழிக்க வேண்டியவற்றை முதலில் ‘எல்எஸ்’ கட்டளையால் பட்டியலிட்டுப் பார்ப்பார்கள். திரையில் வரும் பெயர்கள் எல்லாம் போகவேண்டியவைதானா என்று கண்ணால் சரிபார்த்த பிறகு, மேல் அம்புக்குறியை அழுத்தி அதே வரியை வரவழைத்து, ‘எல்எஸ்’ இருந்த இடத்தில் மட்டும் ‘ஆர்எம்’ என்று மாற்றுவார்கள். இதற்குப் பத்து விநாடிகூட ஆகாது. ‘ஆர்எம்’மோடு பெரிய ‘ஐ’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால், மூன்றுக்கு மேல் கோப்புகள் இருக்கும்போது ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் தொடங்கும். சிறிய ‘ஐ’ ஒவ்வொரு கோப்புக்கும் கேட்கும். நூறு கோப்புக்கு நூறு தடவை ‘ஒய்’ தட்டிக்கொண்டே போகும் விரல், நூற்றோராவது தடவை படிக்காமலேயே தட்டிவிடும். அதனால் பெரிய ‘ஐ’யே நல்லது.

குப்பைத்தொட்டி வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ‘ட்ராஷ்-கிளி’ என்ற சிறிய இலவச மென்பொருள் டெபியன், உபுண்டு களஞ்சியங்களில் கிடைக்கிறது. அதை நிறுவிக்கொண்டு ‘ஆர்எம்’முக்குப் பதில் ‘ட்ராஷ்-புட்’ என்று அடித்தால், கோப்பு நாம் மவுஸால் பார்க்கும் அதே குப்பைத்தொட்டிக்குப் போகும். ‘ட்ராஷ்-ரீஸ்டோர்’ அதை இருந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுவரும். சிலர் ‘ஆர்எம்’ என்ற பெயரையே மாற்றி, அதை அடித்தாலும் குப்பைத்தொட்டிக்கே போகும்படி அமைத்துக்கொள்கிறார்கள். இது நல்ல யோசனை இல்லை. அந்த வசதி இல்லாத வேறொரு கணினியில் உட்காரும் நாளில், பாதுகாப்பு இருக்கிறது என்ற பழக்கத்திலேயே கை அழித்துவிடும்.

‘ஃபைண்ட்’ கட்டளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெராக்ஸ் கடைகளிலும் இணையச் சேவை மையங்களிலும் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆதார், பான், வங்கிப் புத்தகப் பக்கங்கள் டவுன்லோட் ஃபோல்டரில் மலைபோல் சேரும். ஒரு வாரத்துக்கு மேற்பட்டவற்றைத் தினமும் அழித்துவிடுவது கடைக்கும் நல்லது, வாடிக்கையாளருக்கும் நல்லது. தனிநபர் தரவுக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் சட்டம் 2023-இல் இந்தியாவில் நிறைவேறியிருக்கிறது. தன் தரவை அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் அதில் இருக்கிறது. ‘ஃபைண்ட்’ இந்த வேலையை ஒரே வரியில் செய்யும். ஆனால் அந்த வரியில் ‘டெலிட்’ என்ற சொல் கடைசியில்தான் வரவேண்டும். நாள் கணக்கைச் சொல்லும் நிபந்தனைக்கு முன்னால் ‘டெலிட்’ வந்துவிட்டால், நிபந்தனையைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்துவிடும். முதல் முறை ‘டெலிட்’ சொல்லே இல்லாமல் ஓட்டி, வரும் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, போய்விட்டது. இனி என்ன செய்வது?

முதலில் கையை எடுங்கள். பதட்டத்தில் நாம் செய்யும் ஒவ்வொரு காரியமும் தட்டில் எதையாவது எழுதும். மீட்பு மென்பொருளைத் தேடி பிரௌசரைத் திறந்தாலே அது தற்காலிகக் கோப்புகளை எழுதத் தொடங்கிவிடும். அந்த மென்பொருளை அதே தட்டில் இறக்கி நிறுவினால், காப்பாற்ற நினைத்த கோப்பின் மேலேயே அது உட்கார்ந்துவிடலாம். பென்டிரைவ் அல்லது மெமரி கார்டு என்றால் உடனே கழற்றிவிடுங்கள். கணினியின் தட்டே என்றால் அணைத்துவிட்டு, வேறு பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி வேலையைத் தொடங்குங்கள்.

அணைப்பதற்கு முன் ஒரே ஒரு விதிவிலக்கு. அழிந்த கோப்பை ஏதாவது ஒரு மென்பொருள் இன்னும் திறந்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை அழித்தாலும் அது கடைசிவரை ஓடும். லினக்ஸில் பெயர் போனாலும், திறந்து வைத்திருக்கும் மென்பொருள் அதை மூடும்வரை தரவு விடுவிக்கப்படாது. ‘எல்எஸ்ஓஎஃப்’ என்ற கட்டளை அப்படிப்பட்ட கோப்புகளைக் காட்டும். ‘ப்ராக்’ என்ற ஃபோல்டருக்குள் அந்த மென்பொருளின் எண்ணைத் தேடிப்போனால் கோப்பு முழுதாகக் கிடைக்கும். அதை வேறு தட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். மென்பொருளை மூடிவிட்டால் இந்த வாய்ப்பும் போய்விடும்.

கல்யாண சீசனில் ஸ்டுடியோக்காரர்களுக்கு வரும் பெரிய சோதனை மெமரி கார்டுதான். “அண்ணே, கார்டுல ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது, ஃபார்மட் கேக்குது” என்று கடைக்கு ஓடிவருபவர்களுக்குப் பெரும்பாலும் நம்பிக்கை உண்டு. கேமரா கார்டுகளிலும் பென்டிரைவ்களிலும் பரவலாக இருக்கும் ‘ஃபேட்’ முறையில், கோப்பு அழியும்போது பதிவேட்டில் இருக்கும் பெயரின் முதல் எழுத்து மட்டும் ஒரு சிறப்புக் குறியாக மாறும். மற்ற எழுத்துகள் அப்படியே இருக்கும். பழைய எம்எஸ்-டாஸில் கோப்பை மீட்கும்போது ‘முதல் எழுத்து என்ன?’ என்று கணினி கேட்டது இதனால்தான்.

பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதி இலவசமாகத் தரும் ‘டெஸ்ட்டிஸ்க்’, ‘போட்டோரெக்’ என்ற இரண்டு கருவிகள் இந்த வேலைக்கு உலகம் முழுவதும் பயன்படுகின்றன. கருப்புத் திரையில்தான் இயங்கும், விண்டோஸிலும் ஓடும். டெஸ்ட்டிஸ்க் பதிவேட்டைச் சரிசெய்து தட்டையே திரும்பப் படிக்கவைக்கப் பார்க்கும். போட்டோரெக் பதிவேட்டைப் பொருட்படுத்தாது. தட்டை முதல் பைட்டிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போய், ஒவ்வொரு வகைக் கோப்பும் எந்த அடையாளத்தோடு தொடங்கும் என்று தனக்குத் தெரிந்ததை வைத்து இனங்காணும். ஒரு ஜேபிஜி படம் எப்போதும் ஒரே மாதிரியான மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். பெயர் போய்விடும், படம் வந்துவிடும். முகூர்த்தப் படமும் பந்திப் படமும் எண்களோடு கலந்து வரும். உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான். மீட்பவற்றை அதே கார்டில் மட்டும் சேமிக்கக் கூடாது.

கார்டே பழுதாகிப் படிக்கத் திணறினால், முதலில் ‘டிடிரெஸ்க்யூ’ என்ற கருவியால் அதன் முழு நகலை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு, அந்த நகலில் தேடுவதே முறை. அது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு பழுதான இடங்களுக்கு வரும். ‘டிடி’ என்ற பழைய கட்டளையும் நகலெடுக்கும். ஆனால் எதிலிருந்து, எதற்கு என்ற இரண்டும் இடம் மாறிவிட்டால், வெற்றுத் தட்டை எடுத்து நிறைந்த தட்டின் மேல் எழுதிவிடும்.

லினக்ஸின் சொந்த ‘ஈஎக்ஸ்டி4’ முறையில் நிலைமை இவ்வளவு சாதகமாக இல்லை. அழிக்கும்போதே தரவு எங்கே கிடக்கிறது என்ற குறிப்பும் துடைக்கப்படுவதால், பெயரோடு சேர்த்து மீட்கச் சில கருவிகள் முயன்றாலும் பாதி நேரம் ஏமாற்றம்தான். சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வந்த பிறகு அந்தப் பாதியும் சுருங்கிவிட்டது. எஸ்எஸ்டியிடம் ‘இந்த இடங்கள் இனி வேண்டாம்’ என்று கணினி சொல்லும் ஏற்பாட்டுக்கு ‘ட்ரிம்’ என்று பெயர். சொன்னதும் எஸ்எஸ்டி தன் ஓய்வு நேரத்தில் அந்த இடங்களை நிஜமாகவே துடைத்துவிடும். உபுண்டுவில் வாரம் ஒருமுறை இது தானாக நடக்கும். அதற்குப் பிறகு எந்தக் கடையில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கோப்பு வராது.

அதனால்தான் பேச்சு மறுபடி பேக்கப்புக்கே வருகிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் சொன்ன கணக்கு பரவலாகப் பின்பற்றப்படுகிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். சான்றிதழ் ஸ்கேன்களுக்கு இது பெரிய செலவில்லை. லேப்டாப்பில் ஒன்று, வீட்டு அலமாரியில் இருக்கும் பென்டிரைவில் ஒன்று, திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் அண்ணன் வீட்டில் ஒன்று. கூகுள் டிரைவோடு ‘சிங்க்’ செய்து வைத்திருப்பதை பேக்கப் என்று நினைத்துவிடக் கூடாது. லேப்டாப்பில் அழித்தால் அங்கேயும் அழியும். அதன் குப்பைத்தொட்டியும் 30 நாளில் காலியாகிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் இழந்ததைத் தேடுபவருக்கு. இழக்க விரும்புபவரின் கதை இதற்கு நேர்மாறானது, அதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம். பழைய லேப்டாப்பை மாற்றும்போது ‘ஃபார்மட் பண்ணியாச்சு’ என்று சொல்லிக் கடையில் கொடுத்துவிடுகிறோம். விரைவு ஃபார்மட் புதிய பதிவேடு ஒன்றைத் திறந்து வைக்கும், பழைய தரவு பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் பழைய வன்தட்டுகள் 158-ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. கல்யாண ஆல்பத்தை மீட்கும் அதே போட்டோரெக், பழைய லேப்டாப்பில் கிடக்கும் வங்கிப் புத்தகப் படத்தையும் மீட்டுவிடும்.

2011-இல் வந்த இலவச லேப்டாப்களில் இருந்தது சுழலும் வன்தட்டு. அதைத் துடைப்பது எளிது. தட்டு முழுவதையும் ஒரே ஒரு முறை பூஜ்யங்களால் நிரப்பினால் போதும். விண்டோஸில் காலியிடத்தை மட்டும் துடைக்க ‘சைஃபர்’ என்ற கட்டளை இருக்கிறது. லினக்ஸின் ‘ஷ்ரெட்’ வழக்கமாக மூன்று முறை மேலெழுதும். 35 முறை எழுத வேண்டும் என்ற நம்பிக்கை இன்னும் சுற்றுகிறது. பீட்டர் குட்மன் 1996-இல் அந்தக் காலத்துப் பல வகைத் தட்டுகளையும் மனதில் வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது. இன்றைய தட்டுகளுக்கு அது தேவையில்லை என்று அவரே பின்னாளில் விளக்கிவிட்டார்.

எஸ்எஸ்டியில் இந்த மேலெழுதும் வித்தை பலிக்காது. ஒரே இடம் தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, எழுதச் சொன்ன ஒவ்வொரு முறையும் அது உள்ளுக்குள் வேறு இடத்தில் எழுதும். பழைய பிரதி எங்கோ ஒளிந்திருக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்து, எஸ்எஸ்டியில் தனி ஒரு கோப்பை நம்பகமாகத் துடைக்க அப்போதிருந்த எந்த மென்பொருளாலும் முடியவில்லை என்று கண்டார்கள். எஸ்எஸ்டியைக் கைமாற்றும்போது, அதன் தயாரிப்பாளரே உள்ளே வைத்திருக்கும் முழு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

அதைவிட நல்ல வழி, தொடக்கத்திலேயே தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்துவிடுவது. உபுண்டு நிறுவும்போது ஒரு பெட்டியில் டிக் அடித்தால் போதும். அப்படிச் செய்த தட்டை விற்கும் நாளில் சாவி இருக்கும் சிறு பகுதியைத் துடைத்துவிட்டால் மீதியெல்லாம் யாராலும் படிக்க முடியாத குப்பை. கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் கணினிகள் தரப்போவதாக 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. கணினி கைக்கு வந்த முதல் நாள், சான்றிதழோ புராஜெக்டோ எதுவும் உள்ளே ஏறுவதற்கு முன்பு, இதைச் செய்துவிடலாம். கடவுச்சொல்லை மட்டும் ஒரு தாளில் எழுதி, அசல் சான்றிதழ்கள் இருக்கும் கவரிலேயே வைத்துவிட வேண்டும். அதைத் தொலைத்தால் போட்டோரெக்காலும் ஒரு படத்தைக்கூட மீட்க முடியாது.